கேசட் என்னிடம், பெட்டி உன்னிடம்

ஜூன் 4

அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் எண்ணி நாலு வார்த்தைக்குள் சண்டை வரும். ஒரே அறையில் படுத்திருந்த காலத்திலும் கோபம் வந்தால் நீ பேச மாட்டாய், என் தலையணைக்கு அடியில் சீட்டு எழுதி வைப்பாய். இப்போது தலையணை ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறது. அதனால் தபால்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் நடந்ததை நீ வசதியாக மறந்திருப்பாய் என்பதால் சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, மூன்றாவது மாடியில் இனித் தனியாக விட முடியாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. என்னோடு இருக்கட்டும் என்றாய் நீ. என்னோடு என்றேன் நான். பேசித் தீராததை எப்போதும் எப்படித் தீர்ப்போமோ அப்படியே தீர்க்கலாம் என்று பரணிலிருந்து வீடியோ கேம் பெட்டியை இறக்கியவளும் நீதான். 'ஏழு வாசல் வீரர்கள்', மூன்று ஆட்டம். ஜெயித்தவள் சொல்வதுதான் சட்டம், தோற்றவள் அழக்கூடாது, அம்மாவிடம் சொல்லக்கூடாது. ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்பதிலிருந்து கடைக்கு யார் ஓடுவது என்பதுவரை இந்தச் சட்டத்தில்தானே வளர்ந்தோம்?

நான் ஜெயித்தேன்.

உடனே நீ என்ன செய்தாய்? பெட்டியை ஒயரோடு பிடுங்கிப் பையில் திணித்தாய். வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "கெளம்பும்மா, எங்க ஊர்ல நல்ல முட்டி டாக்டர் இருக்கார்" என்று சொல்லி அவளையும் ரயிலேற்றிவிட்டாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ கூடத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டாய்.

ஆனால் கேசட் என்னிடம் இருக்கிறது. கேசட் இல்லாத பெட்டி வெறும் பெட்டி. வைத்தியம் முடிந்ததும் அம்மாவை அனுப்பி வை. என் வீடு ஆறாவது மாடிதான், ஆனால் லிப்ட் இருக்கிறது. அதைப் பழுது பார்ப்பவளே நான்தான். அம்மாவுக்காக உள்ளே ஒரு மடக்கு இருக்கைகூடப் பொருத்திவிட்டேன். கட்டடத்துக்காரர் கேட்டதற்கு, சோதனைக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெயித்த,
தங்கச்சி


ஜூன் 9

சின்னவளே,

'ஜெயித்த' என்று கையெழுத்துப் போட உனக்கு எப்படி மனசு வந்தது?

மூலை உதை செல்லாது. எதிராளியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளி, எழுந்திருக்கவே விடாமல் உன் கொண்டைக்காரியின் காலால் உதைத்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் விளையாட்டா? என் பனிக்கண்ணன் பாவம், மூன்றாவது ஆட்டத்தில் நின்ற நேரத்தைவிடக் கிடந்த நேரம்தான் அதிகம். மூலை உதைக்கு இந்த வீட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடையைக் கேட்டு வாங்கியவளே நீதான். நீ ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நான் உன்னை அப்படி உதைத்தேன். நீ மூக்கு ஒழுக அழுது, "இனிமே மூலைல வெச்சு உதைக்கக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாய். நான் சத்தியம் செய்தேன், இன்றுவரை காப்பாற்றுகிறேன். தடை எனக்கு மட்டும்தானா?

லிப்ட் லிப்ட் என்று பீற்றிக்கொள்ளாதே. கரண்ட் போனால் அம்மாவை நடுவழியில் மடக்கு இருக்கையில் தொங்கவிடுவாயா? என் வீடு தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி, அதற்கும் உன் அத்தான் சிமெண்டில் சரிவு போட்டுவிட்டார். பேக்கரியில் மாவு பிசைகிற கை, அதனால் கொஞ்சம் கேக் மாதிரி உப்பி இருக்கிறது. ஆனால் வழுக்காது.

நியாயமாக இன்னொரு தடவை ஆடுவோம், மூலை உதை இல்லாமல். அதுவரை கேசட் உன்னிடம் இருக்கக்கூடாது. உன்னோடு வேலை செய்கிறவர் ஒருவரிடம் இதே பெட்டி இருப்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். நான் பகலெல்லாம் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்து, வீட்டுக்கு வந்தால் கால் நடுக்கம் நிற்பதில்லை. நீ அங்கே தினமும் பழகுவாயாக்கும்.

கேசட்டை ஒட்டி அனுப்பு. நானும் பிரிக்க மாட்டேன், அம்மாவிடமே கொடுத்து வைக்கிறேன். அவளுக்கு இதில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. இதைவிட நடுநிலையான ஆள் உனக்கு எங்கே கிடைப்பாள்?

தோற்காத,
அக்கா


ஜூன் 15

அக்கா,

சரி. ஜூலை மூன்றாவது ஞாயிறு எனக்கு விடுமுறை, வருகிறேன். மூலை உதையும் கிடையாது. அது இல்லாமலே உன்னை ஜெயிப்பேன், பார்.

கேசட்டைப் பழைய காலுறைக்குள் போட்டு, மேலே லிப்ட் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன். துவைத்த காலுறைதான். அம்மா கையில் கொடு. எதற்கு என்று சொல்லாதே. "பழசு, உடைஞ்சிடும், பத்திரமா வை" என்று மட்டும் சொல். சட்டம் சட்டம்தான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சண்டைக்காக இல்லை. போன வாரம் ஒரு கட்டடத்தில் கிழவர் ஒருவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார். நான் மேலே ஏறிக் கதவை நெம்புகிற வரைக்கும் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு உயிரே இல்லை. திறந்தால் மனுஷன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். "கத்தியிருக்கலாமே சார்?" என்றேன். "வீட்டுலயும் தனியாதாம்மா இருக்கேன், இங்க வெளிச்சமாவது இருக்கு" என்றார். அன்று முழுக்க அம்மா நினைப்புதான். அதனால்தான் கேட்கிறேன், விளையாட்டுக்கு இல்லை.

தங்கச்சி


ஜூன் 24

சின்னவளே,

பொட்டலம் வந்தது. பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தேன். "இது எதுக்குடி?" என்றாள். "சும்மா, பழசு" என்றேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, தன் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். இனி அதை உன்னாலும் எடுக்க முடியாது, என்னாலும் எடுக்க முடியாது.

முட்டி தேவலை. டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க வேண்டும். அம்மா டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்கிறாள். நான் சொல்லாமலே செய்கிறாள் என்பதுதான் ஆச்சரியம். சாயங்காலமானால் அவளுடைய கட்டடத்துத் தரைத்தளத் தையல்காரம்மாவுக்குப் போன். அந்த அம்மா மகன் வீட்டோடு போகப் போகிறாராம். அதற்கு இவர்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கில் என்னதான் பேசுகிறார்களோ!

கிழவர் கதையைப் படித்தேன். நான் மட்டும் விளையாட்டுக்கா கேட்கிறேன்? உன் அத்தான் விடிவதற்கு முன் பேக்கரிக்குப் போய், மத்தியானம் வந்து படுத்தால் கட்டையாகத் தூங்குவார். இத்தனை வருஷமாக நான் வீட்டுக்கு வந்தால் சாவி போட்டுத்தான் கதவைத் திறப்பேன். இப்போது தட்டுகிறேன். அம்மா வந்து திறக்கிறாள். நேற்று பையில் சாவியைத் தேடினேன், எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. அவள் போய்விட்டால் நான் அந்தச் சாவியை மறுபடி தேட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சண்டையும்.

இன்னொரு விஷயம். நான் வேலையிலிருந்து வரும்போது கேம் பெட்டி சூடாக இருக்கிறது. யாரும் தொடாத பெட்டி எப்படிச் சூடாகும்? அத்தானைக் கேட்டேன். "எனக்கு அதை எங்க சொருகுறதுன்னுகூடத் தெரியாது" என்று அடித்துச் சொல்கிறார். டிவிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் என்கிறாள் அம்மா. இருக்கும். நீ லிப்டுக்காரி, உனக்குத் தெரிந்தால் சொல்.

அம்மாவின் கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது. காய் நறுக்கும்போது கத்தி பட்டதாம். சமைக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்டால்தானே?

அக்கா


ஜூலை 2

அக்கா,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நேற்று ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி மோட்டார் அறையில் இருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ். அம்மா போன். ஒருவேளை முட்டிக்கு ஏதாவதோ என்று பதறி முழங்கையால் பொத்தானை அழுத்தி எடுத்தேன். அவள் கேட்டது இது:

"ஏன்டி, அந்தக் கொண்டக்காரி உதைக்கிறதுக்கு முன்னாடி எந்தத் தோளை அசைப்பா?"

"இதை எதுக்கும்மா கேக்குற?"

"சும்மாதான். துணி மடிச்சிட்டிருந்தேன், நெனப்பு வந்துச்சு."

அம்மாதானே என்று நானும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடது தோள் அசைந்தால் மேல் உதை, அசையாவிட்டால் கால் வாரல். இத்தனை வருஷம் உனக்குத் தெரியாமல் நான் பொத்தி வைத்திருந்த ரகசியம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, இது அம்மாவின் கேள்வி இல்லை, உன் கேள்வி. பெற்ற தாயையே ஒற்று வேலைக்கு அனுப்புகிறாயே, நீ உருப்படுவாயா? பெட்டி சூடாக இருக்கிறதாம், லிப்டுக்காரி காரணம் சொல்ல வேண்டுமாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். டேப்பைப் பிரித்து நீதான் பழகுகிறாய்.

கேசட்டை அனுப்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி


ஜூலை 6

அடியே,

ஒற்று அனுப்பியது நானா, நீயா?

அம்மா என்னிடமும்தான் கேட்டாள். போன செவ்வாய்க்கிழமை, நான் சாப்பிடும்போது. "ஏன்டி, உன் பனிக்கண்ணன் ஐஸ் வீசினா குனிஞ்சா தப்பிக்கலாமா?" என்றாள். எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. இது உன் வேலை என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆனால் நான் உன்னைப் போல வெள்ளந்தி இல்லை. வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். "குனியக் கூடாதும்மா, குதிக்கணும்" என்றேன். மறுநாள் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நீ சொன்னது தப்புடி. குதிச்சா நல்லா வாங்குறான்." இதை நீ போனில் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

டேப்பை நான் பிரிக்கவில்லை. அம்மாவின் துணிப்பெட்டிப் பூட்டுக்கு ஒரே சாவி, அதுவும் அவள் இடுப்பில். நான் செய்தது எதையும் மறைக்கிறவள் இல்லை என்று உனக்கே தெரியும்.

போதும். வயதான பொம்பளையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இழுத்தது போதும். நீ சொன்ன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வா. மத்தியான வண்டிக்கு வந்தால் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பின் இருக்கையில் உட்கார்ந்துகொள், பேச வேண்டாம்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. "கேசட்டைக் குடும்மா" என்று நாம் கை நீட்டினோம். அவள் துணிப்பெட்டிக்குப் போகவில்லை, நேராகக் கேம் பெட்டியிடம் போனாள். கேசட் அதற்குள்ளேயே இருக்கிறது! உன் முகத்தை நான் பார்த்தேன், என் முகத்தை நீ பார்த்தாய். அந்த வினாடியில்தான் நாம் இரண்டு பேரும் நாலு கடிதமாக எப்படிப்பட்ட அடிமுட்டாள்கள் என்று தெரிந்தது. பூனையைத் தேடிப் பிடித்துப் பாலுக்குக் காவல் வைத்திருக்கிறோம்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. ஜெயிச்சவ என்கூட ஆடணும். என்னை ஜெயிச்சாதான் நான் அவ வீட்டுக்கு வருவேன்" என்றாளே, அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை. உன்னை ஜெயித்துவிட்டு (ஜெயித்தேன், மூலை உதை இல்லாமல், அதைக் கல்வெட்டில் செதுக்கி வை) அம்மாதானே, மெதுவாக அடிப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் யாரை எடுத்தாள் பார்த்தாயா? பானை வயிறன்! டிவியில் வந்த 'ஏழு வாசல் வீரர்கள்' தொடரில் நாம் பார்த்துச் சிரி சிரி என்று சிரிப்போமே, அவன். மற்ற ஆறு பேரும் வாசலைப் போட்டுவிட்டு உலகம் முழுக்கப் பறந்து பறந்து சண்டை போடுவார்கள். இவன் மட்டும் தன் முதல் வாசலிலேயே நிற்பான். கேமிலும் அவனுக்குக் குதிக்க வராது. நாம் ஒருநாளும் அவனைத் தொட்டதில்லை.

"ஏம்மா இவனைப் போய் எடுத்த?" என்றேன்.

"அவனுக்கும் முட்டி சரியில்ல போல. நானும் குதிக்க மாட்டேன், அவனும் குதிக்க மாட்டான்" என்றாள்.

தானாகவே மூலையில் போய் நின்றுகொண்டாள் அக்கா. நான் எவ்வளவு உதைத்தாலும் அவன் கனத்துக்குத் தூக்கவே முடியவில்லை. இடது தோளைப் பார்த்துப் பார்த்துத் தடுக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த தோள்! கடைசியில் ஆத்திரத்தில் மூலை உதையையே போட்டேன், நீ "ஏய்!" என்று கத்தினாய். அதற்கும் அசையவில்லை. நான் ஓய்ந்த நேரமாகப் பார்த்து ஒரே ஒரு வயிற்று முட்டு.

ஜெயித்தவள் சொல்வதுதான் சட்டம் என்றாளே அவள்! சட்டத்தை அவளிடம் நாம் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் பின்னால் உட்கார்ந்து துணியை மட்டும்தான் பார்த்தாள் என்றா நினைத்தோம்?

அடுத்து அவள் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எழுது.

தோற்ற,
தங்கச்சி


ஆகஸ்ட் 5

சின்னவளே,

எழுதுகிறேன். உனக்குக் கை வரவில்லை என்றால் எனக்கு மட்டும் எங்கிருந்து வருமாம்?

"நான் எங்க இருக்கணும்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க. எனக்கு அதுல கோபம் இல்ல, பெருமையாத்தான் இருந்துச்சு. எத்தனை வீட்டுல அம்மாவைத் தள்ளிவிடச் சண்டை போடுறாங்க! ஆனா எங்க இருக்கணும்னு என்னை ஒருத்தியும் கேக்கலையேடி. நானா சொன்னா, ஒருத்தி மூஞ்சி வாடும். அதான் உங்க சட்டத்துலயே வந்து சொல்றேன். நான் என் கட்டடத்துலயே இருக்கேன். தையல்காரம்மா வீடு காலியாகுது, தரைத்தளம். பேசி வெச்சுட்டேன். பீரோவை மட்டும் நீங்க ரெண்டு பேரும் எறக்கிக் குடுங்க."

ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதியிருக்கிறேன். அழக்கூடாது என்பது சட்டம், இருந்தாலும் நீ அழுதாய். நான் அழவில்லை, ஜலதோஷம்.

பீரோவை இறக்கிய கதைதான் உனக்கே தெரியுமே. மூன்று மாடிப் படிக்கட்டில் "வலது, வலது, இன்னும் வலது" என்று நான் சொல்ல, "இது என்ன காரா?" என்று நீ கத்த, கீழே நாற்காலியில் உட்கார்ந்து அம்மா வேடிக்கை பார்த்தாள். நீ கழற்றிக்கொண்டு வந்த மடக்கு இருக்கையை அவள் வாசல் சுவரில் பொருத்திவிட்டோம். தினமும் காலையில் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாளாம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பேசுகிறார்களாம். மூன்றாவது மாடியில் இருந்தபோது யாரும் வரமாட்டார்கள், இப்போது டீ போட்டு மாளவில்லை என்று போனில் அலுத்துக்கொள்கிறாள். குரலில் அலுப்பே இல்லை. அவளுடைய சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அது நம் இரண்டு வீட்டிலும் அவளுக்குக் கிடைத்திருக்காது, ஒப்புக்கொள்.

பெட்டி, கேசட் இரண்டும் இப்போது அவளிடம்தான். கேட்டுப் பார்த்தேன். "இங்க வந்து ஆடுங்க, கொண்டுபோகக் கூடாது" என்கிறாள். அதுவும் சட்டமாம். இரண்டு மூன்று பேரை ஜெயித்துவிட்டாளாம், மேல் வீட்டுக் கணக்கு வாத்தியார் உட்பட. அவர் பனிக்கண்ணனை எடுத்தாராம். எனக்கு அவமானமாக இருக்கிறது.

சாவியைத் தேடி எடுத்துவிட்டேன். காரின் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. நேற்று வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்ததும், பழக்கத்தில் டிவிக்குப் பக்கத்தில் பெட்டி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆட்டத்துல இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

வருகிற ஞாயிறு நான் அங்கே போகிறேன். நீயும் வா. காரணம் கேட்டால் என்ன சொல்வது? நாமாகப் பேசித் தீர்க்க முடியாதபடி ஒரு சண்டை வேண்டும். நல்லதாக ஒன்று யோசித்து வை.

அக்கா